இரண்டாம் முறை கேட்கும் உரிமை

2025-26ஆம் ஆண்டுக்கான தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். 2011இல் தொடங்கி, சில ஆண்டுகள் நடந்து, பிறகு நின்றுபோன ஒரு திட்டம் வேறு வடிவில் திரும்பி வருகிறது. இதை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்களோடு நாம் சேரப் போவதில்லை. அவர்கள் வீட்டில் தலைக்கு ஒரு லேப்டாப் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். முதல் சுற்றில் வந்த பெட்டியில் டைப்பிங் பழகி, இன்று இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊருக்கே சான்றிதழ் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் பெண்கள் எங்கள் பக்கத்துக் காலனிகளில் இருக்கிறார்கள்.

ஆனால் தோழர்களே, ஒன்று கேட்போம். அந்த லேப்டாப் வந்ததால் கல்லூரி வகுப்பறைக்குள் என்ன மாறியது? மாணவரின் பையில் ஒரு பொருள் கூடியது. வகுப்பு அப்படியேதான் இருந்தது. ஆசிரியர் வந்தார், நோட்ஸ் சொன்னார், பிள்ளைகள் எழுதினார்கள், மணி அடித்தது. எழுத முடிந்தவர்கள் எழுதினார்கள். முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் நோட்டை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தார்கள்.

கல்லூரியில் தொழில்நுட்பம் வேகமாக நுழைந்த இடங்கள் எவை என்று பாருங்கள். வருகைப்பதிவுச் செயலி, கைரேகை இயந்திரம், கட்டணம் கட்டும் இணையதளம், வராந்தாவில் கேமரா, மதிப்பெண் குறைந்தால் அப்பாவின் போனுக்குப் போகும் குறுஞ்செய்தி. மாணவரை எண்ணுவதற்கும் கண்காணிப்பதற்கும் அது ஓடி வந்துவிட்டது. கற்றுக்கொடுக்கும் இடத்தில்தான் வாசலிலேயே நிற்கிறது. ஸ்மார்ட் போர்டு இருக்கும் கல்லூரிகளிலும், நாக் குழு வருகிற வாரத்தில்தான் அதன் உறை கழற்றப்படுகிறது. குழுவுக்குப் புகைப்படம் காட்டியானதும் மறுபடி உறை போட்டுவிடுகிறார்கள். போர்டு பழுதாகாமல் இருப்பதன் ரகசியம் அதுதான்.

கல்லூரிக் கற்பித்தலில் தொழில்நுட்பத்தையும் ஊடகத்தையும் இணைப்பது பற்றிக் கருத்தரங்குகள் நிறைய நடக்கின்றன. அந்தப் பேச்சுகளிலிருந்து விலகி, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் எதை முதலில் கேட்போம்? நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் இதைப் பற்றிப் பல நாள் பேசியிருக்கிறோம். எங்கள் கோரிக்கை மிகச் சிறியது. ஒவ்வொரு வகுப்பின் ஒலிப்பதிவும், அந்த வகுப்பை எடுத்த ஆசிரியரின் குரலிலேயே, அன்று மாலைக்குள் மாணவர் கைக்கு வர வேண்டும். இணையம் இல்லாமலும் திரும்பத் திரும்பக் கேட்கும்படி இருக்க வேண்டும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஏன் இதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறோம் என்றால், ஒரு பாடத்தை இரண்டாம் முறை கேட்கும் வாய்ப்பு எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. படித்த வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் புரியாதது சாப்பாட்டு நேரத்தில் புரியும். அக்காவிடம் கேட்கும், மாமாவுக்குப் போன் போடும், ட்யூஷனுக்குப் போகும். அந்தப் பிள்ளைக்குக் கல்லூரி வகுப்பு என்பது முதல் சுற்று மட்டுமே. நம் பிள்ளைக்கு அதுவே முதலும் கடைசியும். அன்று காலை கரும்பு வெட்டவோ சித்தாள் வேலைக்கோ போய்விட்டால் அந்த ஒரு சுற்றும் இல்லை. பிறகு நாம் சொல்கிறோம், அவனுக்கு ஆர்வமில்லை, அவளுக்கு அடிப்படை போதவில்லை என்று.

‘பரியேறும் பெருமாள்’ பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு பரியனுக்குப் புரிவதில்லை. உடன் படிக்கும் ஜோ சொல்லிக் கொடுக்கிறாள். அந்த நட்புக்கு அவன் கொடுத்த விலை என்ன என்பதும் நமக்குத் தெரியும். நோட்டுக்காக இன்னொருவரிடம் போய் நிற்பது சாதாரணக் காரியம் போலத் தெரியும். சாதி இருக்கும் வகுப்பில் அது சாதாரணமில்லை. யார் நோட்டை யார் வாங்கலாம், பெண்ணிடம் பையன் கேட்கலாமா, கேட்டால் யார் முறைப்பார்கள் என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அதே கணக்குதான். முதல் வரிசையில் உட்காருபவர் அட்மின். ஸ்மார்ட்போன் இல்லாதவர் குழுவிலேயே இல்லை. குழுவில் இருப்பவர்களுக்கும், சிலரின் ஸ்டேட்டஸில் வாரம் ஒருமுறை சாதிப் பெருமைப் பாட்டு ஓடுவதைப் பார்த்த பிறகு அங்கே சந்தேகம் கேட்க மனம் வராது. பாடத்தின் பதிவு கையில் இருந்தால் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

நமக்கு மறுக்கப்பட்டது எழுத்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு முன்பே மறுக்கப்பட்டது கேட்பது. வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் வெள்ளீயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். மேடைகளில் இதை மனுவின் பெயரில் சொல்லிவிடுகிறோம். எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவார், கவனம். சூத்திரனுக்கே ஈயம் என்றால், வருணத்துக்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களின் காதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் ஒலி, ஏன் காணொளி இல்லை என்று மாணவர்கள் கேட்கிறார்கள். காசுக் கணக்கைப் பாருங்கள். 2017-18இல் எடுக்கப்பட்ட 75ஆவது தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு. இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. நகரத்தில் இவை 23.4, 42. அதற்குப் பிறகு போன் பரவியிருக்கிறது, உண்மை. ஆனால் வீட்டுக்கு ஒரு போன் என்பதும் ஆளுக்கு ஒரு போன் என்பதும் ஒன்றல்ல. போனுக்கு ரீசார்ஜ் வேண்டும். 2024 ஜூலையில் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியபோது, நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் 28 நாள் திட்டம் ஒன்று 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. 28 நாள் என்றால் ஆண்டுக்கு 12 முறை இல்லை, 13 முறை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் வரும் 1,000 ரூபாயில் பத்தில் மூன்று பங்கு போனுக்கே போய்விடுகிறது.

360பி தரத்தில் கூட ஒரு மணி நேரக் காணொளி 200, 300 எம்.பி. ஆகும். ஐந்து வகுப்பைப் பார்த்து முடிப்பதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். 50 நிமிட வகுப்பின் குரலை 32 கே.பி.பி.எஸ். தரத்தில் சேமித்தால் 12 எம்.பி. தான். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளமாகப் போதும். ஐந்து வகுப்புக்கு 60 எம்.பி. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் மொத்தம் 5.4 ஜி.பி. ஒரு பருவம் முழுவதும் ஒரு 8 ஜி.பி. மெமரி கார்டில் அடங்கிவிடும். பழைய பட்டன் போனிலும் கார்டைப் போட்டுக் கேட்கலாம். இதற்கு எந்த நிறுவனத்தின் செயலியும் தேவையில்லை.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதம் கல்லூரிகள் மூடப்பட்டன. 2021 ஜனவரியில்தான் அன்றைய அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா, ஏப்ரல் வரை இலவசம் என்று அறிவித்தது. ஒன்பது மாதத்துக்கும் மேல் கழித்து வந்த அந்த அட்டை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த ஒன்பது மாதத்தில் நேரலை வகுப்புக்காகத் தண்ணீர் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளுக்கு, நேரலையே தேவையில்லை, பதிவு செய்த குரல் போதும் என்று யாராவது சொல்லியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். சிக்னல் வரும்போது இறக்கிக்கொண்டு, ராத்திரி வீட்டில் கேட்டிருப்பார்கள்.

எங்கள் பகுதியில் ஓர் அரசுக் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர் ஒருவர், மாணவர்கள் கேட்டதால் ஒரு பருவம் முழுக்கத் தன் வகுப்பைப் பதிவு செய்ய அனுமதித்தார். கருவி என்று எதுவும் வாங்கவில்லை. ஒரு மாணவியின் போன், அதில் ஒயர் இயர்போன். இயர்போனின் மைக்கைச் சேலை மடிப்பில் ஒரு ஊக்கால் குத்திக்கொண்டார். மேஜையில் போனை வைத்தால் மின்விசிறி சத்தம்தான் பதிவாகிறது என்பதை முதல் நாளே கண்டுகொண்டார்கள். தேவைக் கோடு, அளிப்புக் கோடு என்று பலகையில் வரைவதைக் குரலில் காட்ட முடியாது. அதனால் வகுப்பு முடிந்ததும் பலகையை ஒரு படம் எடுத்து, அதே எண் போட்டு வைத்தார்கள். ‘இந்தக் கோடு’ ‘அந்தக் கோடு’ என்று சொல்வதை விட்டு ‘மேலிருந்து கீழே இறங்கும் கோடு’ என்று சொல்லப் பழகினார் அந்த அம்மா. ஒலிப்பதிவு ஆசிரியரின் மொழியையே தெளிவாக்குகிறது என்பது நாங்கள் எதிர்பார்க்காதது.

அந்தப் பதிவுகள் எங்கள் படிப்பகத்துக்கும் வந்தன. சாணி அள்ளிக்கொண்டே கேட்ட பையன் ஒருவன் இருக்கிறான். மாதவிடாய் நாளில் கல்லூரிக் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது என்று வீட்டிலேயே இருந்துவிடும் பெண்கள், விட்டுப்போன வகுப்பை அன்றே கேட்டார்கள். ‘நெகிழ்ச்சி’ என்ற பகுதியை ஒரு மாணவி ஐந்து முறை கேட்டதாகச் சொன்னாள். வகுப்பில் கையைத் தூக்கி ஐந்து முறை கேட்டிருக்க முடியுமா?

ஆசிரியர்களின் தயக்கத்தை நாம் கேலி செய்யக் கூடாது. அதில் நியாயம் இருக்கிறது. குறிப்பாக, தொகுப்பூதியத்தில் ஆண்டுக்காண்டு பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்களின் பயம். என் குரல் பதிவாகிவிட்டால் அடுத்த வருடம் நான் எதற்கு? அந்தக் கேள்வி கற்பனை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் இணையவழிப் படிப்புகளில் முடிக்கலாம். 2016 விதியில் அது 20ஆக இருந்தது. எங்கோ ஐ.ஐ.டி.யில் எடுத்த வகுப்பு, பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெட்டியில் வரும். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விட அரசுக்கு அது வசதியான வழி. ஆகவே நம் கோரிக்கையை எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். பதிவு அந்தப் பருவத்து மாணவர்களுக்கானது. ஆசிரியர் ஒப்புதல் இல்லாமல் வெளியே போகக் கூடாது. அதைக் காட்டி ஓர் ஆசிரியர் பணியிடத்தையும் குறைக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத பதிவுத் திட்டத்தை நிர்வாகம் கொண்டுவந்தால், ஆசிரியர்களோடு சேர்ந்து நாமும் எதிர்க்க வேண்டும்.

இன்னொரு தயக்கமும் இருக்கிறது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. பதிவு இருந்தால் வகுப்பில் பேசியதற்குப் பொறுப்பேற்க வேண்டும். 2021 ஏப்ரலில் ஐ.ஐ.டி. கரக்பூரில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்தப் படிப்பின் இணையவழி ஆங்கில வகுப்பில் ஒரு பேராசிரியர் மாணவர்களைக் கேவலமான வசைச்சொல்லால் திட்டினார். யாரிடம் வேண்டுமானாலும் புகார் கொடுங்கள் என்று சவால் விட்டார். மாணவர்கள் அதைப் பதிவு செய்திருந்தார்கள். ஐ.ஐ.டி. பம்பாயின் அம்பேத்கர் பெரியார் பூலே வாசகர் வட்டம் அதை வெளியே கொண்டுவந்தது. அடுத்த மாதம் பணியிடை நீக்கம். நேரடி வகுப்பில் அதே பேச்சு எத்தனை ஆண்டு காற்றோடு போயிருக்கும்! ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்ற ஒரு வரியில் எத்தனை புகார்கள் முடிந்திருக்கும்! இதற்காகத்தான் பதிவு என்று நாங்கள் சொல்லவில்லை. பாடம் படிக்கத்தான் பதிவு. ஆனால் பதிவாகிறது என்று தெரிந்தால் ‘கோட்டா’ பற்றிய நக்கல் சற்றுக் குறையும். குறையட்டும்.

அதே காரணத்தால் கருவி யாரைப் பார்த்து இருக்கிறது என்பதில் நாம் கறாராக இருக்க வேண்டும். மைக் ஆசிரியர் பக்கம் மட்டும். மாணவர்கள் சந்தேகம் கேட்கும்போது பதிவை நிறுத்தி, பதில் சொல்லும்போது தொடங்கலாம். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் ஒரு பெண்ணின் குரல் வெட்டி எடுக்கப்பட்டு மீம் ஆனால், அவள் இனி வாயே திறக்க மாட்டாள். வகுப்பைப் பார்த்துத் திருப்பி வைத்த கேமராவை எந்தப் பெயரில் கொண்டுவந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விடுதி மாணவிகளுக்கு வேறொரு பூட்டு. மாலை ஆனால் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் விடுதிகள் இன்னும் உண்டு. கோழிக்கோடு மாவட்டத்தில் மாலை 6 மணி முதல் 10 மணி வரை போன் கூடாது என்ற விதியை எதிர்த்ததால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவி வழக்குப் போட்டார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இது நம் மாநிலத்தில் கட்டாயப்படுத்தும் தீர்ப்பு இல்லைதான். விடுதிக் காப்பாளரிடம் பேசப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள நல்ல தாள். பாடத்துக்கான புத்தகப் பகுதிகளை ஸ்கேன் செய்து வகுப்புக்குள் பகிர்வது திருட்டு என்று யாராவது பயமுறுத்தினால், டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதைத் தேடிப் படியுங்கள்.

இதுவரை பேசியது நாம் கேட்பது பற்றி. நாம் பேசுவதைக் கல்லூரி கேட்பதற்கும் அதே போன் போதும். ஊடகம் என்றால் வகுப்பில் படம் போட்டுக் காட்டுவது என்றே பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். நம் முன்னோர் ஊடகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, அதை நடத்தினார்கள். இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893இல். பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியது 1907இல். அண்ணல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ 1920இல். எங்களிடம் வந்த இதழியல் மாணவர்களிடம் தமிழ் இதழியல் வரலாறு கேட்டால் சுதேசமித்திரனில் தொடங்கிச் சரளமாகச் சொல்கிறார்கள். இந்த மூன்றையும் நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சமூகவியல், வரலாறு, தமிழ் படிக்கும் தோழர்கள் அகமதிப்பீட்டுக்கு எழுதும் ஒப்படைப்புகளை நினைத்துப் பாருங்கள். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டி, இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி, மேலே வண்ண அட்டை போட்டுக் கொடுக்கும் பத்துப் பக்கம். கொடுப்பவரும் படிப்பதில்லை, வாங்குபவரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக உங்கள் தெருவில் 70 வயது தாண்டிய ஒரு ஆயாவிடம் போனை வைத்துப் பஞ்சமி நிலம் பற்றிக் கேளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் அறிக்கை கொடுத்தார், 1892இல் அரசாணை வந்தது என்பது புத்தகத்தில் இருக்கிறது. அந்த நிலம் உங்கள் ஊரில் எந்தச் சர்வே எண்ணில் இருந்தது, யார் கைக்கு எப்படிப் போனது, எத்தனை ரூபாய்க் கடனுக்குப் போனது என்பது அந்த ஆயாவுக்குத்தான் தெரியும். செயற்கை நுண்ணறிவுக்கு அது தெரியாது, ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை. 20 நிமிடக் குரல், அதை எழுத்தாக்கிய நான்கு பக்கம், கிடைத்தால் ஒரு பட்டா நகல். இதை ஒப்படைப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று துறைத் தலைவரிடம் கேட்பதற்குப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. அகமதிப்பீட்டுத் தலைப்பை ஆசிரியரே முடிவு செய்யலாம். பதிவு செய்வதற்கு முன் ஆயாவிடம் எதற்கு என்று சொல்லி ஒப்புதலையும் குரலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நிலம் இப்போது வைத்திருப்பவர் பெயர் வந்தால் அந்தப் பகுதியைப் பொதுவில் போடாமல் பத்திரப்படுத்துங்கள். 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் துப்பாக்கிச் சூடு வரை போன விவகாரம் இது.

ஜூனில் கல்லூரி திறக்கும். எல்லா ஆசிரியரிடமும் ஒரே நாளில் போய் மனு கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து மறுத்துவிடுவார்கள். உங்கள் துறையில் மாணவர்களை மதித்துப் பேசும் ஓர் ஆசிரியர் நிச்சயம் இருப்பார். அவரிடம் மட்டும், ஒரே ஒரு தாளுக்கு, ஒரு பருவம் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளையும் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கோப்புக்குத் தேதி, தாளின் பெயர், வகுப்பு எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் தேர்வு நேரத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் படிப்பகத்தில் இப்போது அந்தப் பொருளியல் தாள் ஒன்று மட்டும் முழுமையாக இருக்கிறது, 58 வகுப்புகள். கார்டோ பென்டிரைவோ கொண்டு வந்தால் ஏற்றித் தருகிறோம். அந்த அம்மாவின் ஒப்புதல் கடிதத்தின் நகலும் அதோடு இருக்கும். உங்கள் ஆசிரியரிடம் காட்டுவதற்கு உதவும்.